ஒன்னு குடுங்க சேர்

என் இடது கை மோதிர விரல் நேராக நிற்காது. சுண்டு விரல் மேல் சாய்ந்துகொண்டே இருக்கும். ஹட்டன் ஸ்டாண்டில் என் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். மெஷினில் மாட்டிக்கொண்டது என்பேன். ஆள் கொஞ்சம் சிரித்த முகமாக இருந்தால் மாமியார் கடித்துவிட்டாள் என்பேன். ஒரு பந்து உடைத்தது என்ற உண்மையைச் சொன்னால்தான் யாரும் நம்புவதில்லை.

எறிந்தவன் என் பக்கத்துக் காம்பராக்காரன். ஒரே லயத்து வரிசை வீடு, அறைக்கு அறை ஒரே சுவர். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். "என்னையப் பத்தி என்னா வேணும்னாலும் எழுதிக்க. பேரு மட்டும் வேணாம் மச்சான், எம்மக ஸ்கூலுக்குப் போறா" என்று சொல்லியிருக்கிறான்.

பந்து எறிவதற்காகவே ஒரு கம்பெனி வேலை கொடுத்துக் கொழும்புக்கு அழைத்துப்போன முதல் ஆள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவன்தான். கிரிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். பேஸ்போல். தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: எறிகிறவன் ஒரு மண்மேட்டில் நிற்பான். எதிரே மட்டைக்காரன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருப்பவன் கெச்சர், அதாவது எறிகிறதை எல்லாம் வாங்கிக்கொள்கிற பாவி. அது நான். பந்து மட்டைக்காரனின் முழங்காலுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே, தரையில் கிடக்கும் தட்டுக்கு நேராக வந்தால் ஸ்ட்ரைக். விலகிப் போனால் அதற்குப் பெயர் 'போல்'. போல் நிறையப் போனால் மட்டைக்காரன் மட்டையைத் தூக்காமலே நடந்துபோய்ப் பத்திரமான இடத்தில் நின்றுகொள்வான்.

அவன் சும்மா எறிந்தால் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. பேரிக்காய் மரத்தில் கல்லெறிந்து ஒரு காயை விழுத்தத் தெரியாதவன். அடுத்த லயத்துத் தகரம் ஓட்டையாகும், காய் மரத்திலேயே இருக்கும். தகரத்துக்காரர் வந்து கத்துவார், ஓடுவோம். ஆனால் கோபம் வந்துவிட்டால் கதை வேறு. கோபத்தில் எறிந்து அவனுக்குக் குறி தவறியதே கிடையாது. நான் அதை முதலில் பார்த்தது அவனுடைய அப்பாவிடம்.

அந்த மனிதருக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. வேலை முடிந்தால் கசிப்பு, கள்ளச்சாராயம். கசிப்பு முடிந்தால் பெண்டாட்டி. ஒரு நாள் பொழுது சாயுமுன்னே ஆரம்பித்துவிட்டார். அவன் அம்மாவை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்து, கையிலிருந்த போத்தலைத் தலைக்கு மேல் ஓங்கினார். இவன் கீழே பீலியடியில் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் நான். வாளி சாய்ந்த சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் கல் போய்விட்டது. போத்தல் அவர் கைக்குள்ளேயே வெடித்தது. உள்ளங்கை கிழிந்து முழங்கை வரைக்கும் இரத்தம் ஓடியது. அவர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தேயிலை வாதை ஒடித்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். அந்த வாது முறியும்வரை அடித்தார். முறிந்த பிறகு காலால்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்கல" என்றான்.

அதுதான் அவன் வார்த்தை. வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு அவனிடம் வேறு பதிலை நான் வாங்கினதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது பீ.டி. மாஸ்டர் வந்தார். எங்கிருந்தோ ஒரு சாக்கு நிறையப் பழைய தோல் கையுறைகளைக் கொண்டுவந்திருந்தார். மலையைச் சீவி எடுத்த எங்கள் கிரவுண்டில் பந்தை ஓங்கி அடித்தால் அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும், தேடுவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அதனாலேயே யாரையும் அடிக்க விடாமல் எறிகிற ஒருவன் அவருக்குத் தேவைப்பட்டான். போத்தல் கதை அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருந்தது. அவனைக் கூப்பிட்டு மேட்டில் நிறுத்தினார். அவன் பந்தை வாங்க வேறு எவனும் முன்வராததால் என்னைக் குந்தச் சொன்னார்.

கொழும்புப் பக்கம் முதல் பெரிய ஆட்டம். அவன் வரிசையாகப் போல் போட்டான். ஒரு பந்து என் தலைக்கு மேலே, ஒன்று மட்டைக்காரனின் முதுகுக்குப் பின்னாலே. எதிர்க்கட்சிப் பையன்கள் சிரித்துக்கொண்டே நடந்துபோய் நின்றார்கள். மாஸ்டர் புத்தி சொல்லத்தான் மேட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். இவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றது அவருக்கு என்ன செய்ததோ, அத்தனை பேர் பார்க்க ஓங்கி ஒரு அறை விட்டார். தொப்பி பறந்தது.

திரும்பிப்போய்க் குந்தி நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். கீழுதடு உள்ளே போயிருந்தது. கண் சிமிட்டவில்லை. பீலியடியில் பார்த்த அதே முகம். அடுத்த பந்து நான் கையுறையை விரித்த இடத்துக்கே வந்தது, நான் விரித்து முடிப்பதற்கு முன்னால். அதற்கடுத்ததும் அப்படியே. ஒருவனும் மட்டையால் தொடவில்லை. கடைசிப் பந்தில் என் மோதிர விரல் பழைய கையுறைக்குள்ளேயே இரண்டாக மடங்கியது. நான் அழுதுகொண்டிருக்க மற்றவர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

அன்றோடு அது ஒரு வழக்கமாகிவிட்டது. சாமிக்குத் தேங்காய் உடைக்கிற மாதிரி, ஆட்டத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு அறை. யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. வீட்டிலும் அடி, பள்ளிக்கூடத்திலும் அடி, அதில் ஒன்றால் ஒரு கப் கிடைக்கிறதென்றால் நல்லதுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனே மாஸ்டர் முன்னால் போய் நின்று கன்னத்தைக் காட்டுவான்.

"ஒன்னு குடுங்க சேர்."

கொடுப்பார். "வலிச்சிச்சாடா?"

"வலிக்கல சேர்."

மேட்டுக்கு ஓடுவான். பார்க்க வந்தவர்கள் பந்துக்குக் கைதட்டுவதற்கு முன் அறைக்குத்தான் கைதட்டினார்கள்.

பிஸ்கட் செய்கிற ஒரு கம்பெனி அவனை எடுத்தது. வேலை ஸ்டோர்ஸில் என்று சொன்னார்கள், ஆனால் ஸ்டோர்ஸ் கதவு எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. காலையும் மாலையும் எறிவதுதான் வேலை. கம்பெனிக் கெச்சர் ஒரே வாரத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டதால் என்னையும் அழைத்தார்கள். சட்டையோடு பொத்தானும் போவது போல நானும் போனேன்.

அங்கே கோச் ஒரு பழைய ஆர்மிக்காரர். மாஸ்டருடைய கை சாக்பீஸ் பிடித்த கை. இந்த மனிதருடைய கையில் ஒரு தடித்த மோதிரம் வேறு. இவன் சிங்களத்தில் முதலில் படித்துக்கொண்டதே அந்த ஒரு வாக்கியத்தைத்தான். "எகக் தென்ன சேர்." ஒன்று கொடுங்கள் சேர். கோச் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அந்த வருஷமே இவனுக்கு இடது காதில் சீழ் வைத்தது, பிறகு கேட்காமலே போய்விட்டது. இடது பக்கமாக நின்று நான் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சிரிப்பான்.

ஒரு மட்டைக்காரனைப் பற்றிச் சொல்லவேண்டும். உயரமான பையன், நல்ல வீட்டுப் பிள்ளை. இவன் அறை வாங்குவதைப் பார்த்துவிட்டு, "வத்தே கொல்லா, அம்மாவும் அடிப்பாளா?" என்று சிங்களத்தில் கேட்டான். தோட்டத்துப் பயலே என்பது பழகிப்போன வார்த்தை, அது அவனை ஒன்றும் செய்யாது. அம்மா என்றதுதான். உதடு உள்ளே போவதை நான் பார்த்தேன். எழுந்து கையை ஆட்டினேன், கத்தினேன். பந்து அந்தப் பையனின் வாயில் இறங்கியது. தட்டின் மேல் பல் கிடந்தது, அதைச் சுற்றி இரத்தம் சேற்றில் கலந்தது. அவன் மேட்டில் நின்றபடி, அடுத்த பந்தைக் கொடுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த போடிங் அறையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அவன் செத்துட்டானா?" என்று கேட்டான்.

"இல்ல. தாடைதான் போயிருக்கு."

"சரி" என்றான். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவனோடு ஒரே அறையில் படுக்க எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயம் சோறு காய்ந்த அந்தக் கையைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அங்கே கார்மென்ட்ஸில் வேலை செய்தாள். அவளைக் கட்டிக்கொண்டான். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். வாய் அதிகம் பேசாத பெண், பேசினால் மறுபேச்சுக்கு இடம் வைக்கமாட்டாள். அவன் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவனுக்கு இந்த உலகத்தில் வைராக்கியம். கல்யாணத்தன்று என்னிடம் சொன்னான்: "எம்வீட்டுல அறைச்சத்தம் கேக்கக் கூடாது மச்சான். கேட்டா நீயே வந்து என்னைய வெட்டிப் போடு."

ஆனால் அவன் கையால் அடிக்கிறவனில்லையே, எறிகிறவன்தானே. மாலை ஆட்டத்தில் வாங்கிய அறை ஆட்டத்தோடு முடிந்துவிடாது. கன்னத்திலிருந்து எங்கேயோ உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் சாம்பாரில் உப்பு இல்லை என்று சின்னப் பேச்சு. கையிலிருந்த பீங்கான் கோப்பை பறந்தது. அவள் காதோரம் சுவரில் பட்டுத் தூளானது. அவள் அப்போது மாசமாக இருந்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து நான் ஓடினபோது அவள் முடியிலிருந்து பீங்கான் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். இவன் மூலையில் ஒடுங்கி நின்றான்.

"தப்பிப் போனிச்சுன்னு நெனைக்கிறீங்களா அண்ணே?" என்று என்னிடம் கேட்டாள். "அவரு கோவத்துல எறிஞ்சா தப்பாதுல்ல. இன்னைக்குச் செவத்து மேல கோவம். நாளைக்கு யாரு மேலயோ." பிறகு அவனைப் பார்த்தாள். "அங்க வாங்குறத இங்க கொண்டாந்து எறியாதீங்க. இனிமே அங்கயும் வாங்காதீங்க. வாங்குனீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன், புள்ளைய நீங்க கண்ணுல காண மாட்டீங்க."

அடுத்தது கம்பெனிகளுக்குள் நடக்கிற இறுதி ஆட்டம். கோச் மோதிரத்தைத் திருகிக்கொண்டு வந்தார். அவன் கன்னத்தைக் காட்டவில்லை.

"வேணாம் சேர்" என்றான் தமிழிலேயே.

மேட்டுக்குப் போனான். என் கால் அன்றைக்கு ஓடின ஓட்டத்தை வாழ்க்கையில் ஓடினதில்லை. பந்து வலப்பக்கம், இடப்பக்கம், வேலிக்கு மேலே. மட்டைக்காரர்கள் சும்மா நடந்தார்கள். பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள், "அடியுங்கள் அவனை" என்று கத்தினார்கள். கோச் ஓடிவந்து மேட்டில் ஏறிக் கையை ஓங்கினார். அவன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எலும்பு நெரிகிற மாதிரி ஒரு பிடி. கோச்சின் முகம் வெளுத்துப்போனது. உதடு உள்ளே போகிறதா என்றுதான் நான் பார்த்தேன். போகவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"வேற ஆள் பாத்துக்கங்க சேர்" என்று பந்தை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தான். அவ்வளவுதான் அவன் உத்தியோகம். எறிகிறவன் இல்லாத இடத்தில் கெச்சருக்கு என்ன வேலை? நானும் மூட்டையைக் கட்டினேன்.

தோட்டத்துக்கு வந்து கவ்வாத்துக்குப் போனான். முற்றிப்போன தேயிலைச் செடியை இடுப்பளவில் கத்தியால் வெட்டிச் சாய்க்கிற வேலை. வீச்சுக்கு ஒரு கிளை. இரும்பு மாதிரிக் கட்டைகளை வெட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது ஆள் பச்சைத் தண்ணீர் மாதிரி இருப்பான். பெண் குழந்தை பிறந்தது. அவன் சொன்னபடியே அந்தக் காம்பராவில் ஒரு அறைச்சத்தம் கேட்டதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் நான், எனக்குத் தெரியும்.

ஆனால் இந்தக் காலத்தில் எது செத்தாலும் போனில் உயிரோடு இருக்கும். யாரோ எடுத்த பழைய வீடியோ ஒன்று எங்கள் தோட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கோச் அறைகிறார், தொப்பி பறக்கிறது, அடுத்து வரிசையாக ஸ்ட்ரைக். பின்னால் யாரோ ஒரு குத்துப்பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். எங்கள் எதிர் லயத்துப் பையன் அதை எல்லோருக்கும் காட்டிச் சிரிப்பான். அவன் மகளும் அதைப் பார்த்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குழந்தை பெட்டியைக் குடைந்து, அவன் ஒளித்துவைத்திருந்த ஒரு பழைய பேஸ்போல் பந்தை எடுத்துவிட்டாள். கல் மாதிரிப் பந்து. என்னுடைய கையுறையைக் கேட்டு அடம் பிடித்தாள், கொடுத்தேன். அது அவளுக்கு முழங்கை வரைக்கும் வந்தது. லயத்து வாசலில் நான் குந்துகிற மாதிரியே குந்திக்கொண்டாள்.

"அப்பா, எறிங்க!"

அவன் கீழ்க்கையால் மெதுவாக உருட்டுகிற மாதிரிப் போட்டான். வாசலோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் போனது. இன்னொன்று கோழிக்கூட்டுக்குப் போனது. அவள் ஓடி ஓடி எடுத்துவந்தாள். நான் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நேராப் போடுங்கப்பா!"

"வரமாட்டேங்குதே பாப்பா."

அவள் யோசித்தாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அவனிடம் ஓடினாள். குனியுங்கள் என்று சைகை காட்டினாள். காதில் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவனும் முழங்காலில் உட்கார்ந்து, கேட்கிற காதைக் கொடுத்தான். அவள் கையை நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், அந்த வீடியோவில் இருக்கிற மாதிரியே, பளார் என்று அவன் கன்னத்தில் அறைந்தாள். அறைந்துவிட்டுத் திரும்பி ஓடி, கையுறையை மாட்டிக்கொண்டு குந்திக்கொண்டாள்.

"இப்ப எறிங்க. இப்ப நேரா வரும்."

எதிர் லயத்துப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பிடிப் போடு! சரியான கோச்சு வந்துட்டா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். இன்னும் சில பேரும் சிரித்தார்கள்.

அவன் எழுந்து நின்றான். கீழுதடு உள்ளே போயிருந்தது.

நான் "டேய்!" என்று எழுந்தேன். அதற்குள் பந்தோடு அவன் கை பின்னால் போய்விட்டது. அந்தக் கை பின்னால் போனால் நடுவில் நின்றதே இல்லை. பந்து எங்கே வரும் என்று எனக்குத்தான் தெரியும். விரித்த இடத்துக்கு. பிள்ளை அந்தப் பெரிய கையுறையைத் தன் நெஞ்சுக்கு நேராக விரித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

கை வந்தது. வருகிற கையோடு அவன் தன் உடம்பு முழுவதையும் இன்னொரு பக்கம் திருப்பினான். ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பந்து குழந்தையின் தலைக்கு எவ்வளவோ மேலே விர்ரென்று போய், கக்கூஸ் தகரத்தைப் பொத்துக்கொண்டு தேயிலைக்குள் விழுந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு புழுதியில் விழுந்தான். கோபத்தில் அவன் எறிந்து குறி தப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

தங்கச்சி சத்தம் கேட்டு வெளியே வந்து, தகரத்து ஓட்டையைப் பார்த்தாள், கையுறையோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்தாள், கீழே கிடந்தவனைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பின்சீட்டில் அவன் நடுவில், தங்கச்சி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். தோள் கீழே இறங்கித் தொங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தான், சத்தம் வரவில்லை. பிள்ளைக்குத் தோள் புரியவில்லை. தான் அடித்ததால்தான் அப்பா விழுந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். எக்கி அவன் கன்னத்தைத் தடவினாள்.

"நான் அடிச்சது வலிக்குதாப்பா?"

எனக்குப் பதில் தெரியும். எத்தனை வருஷமாகக் கேட்ட பதில். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். முறிந்த வாதுக்கும் மோதிரக் கைக்கும் அழாதவன், குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

"ஆமா பாப்பா" என்றான். "வலிக்குது."